அம்மாவுக்குப் பொட்டாசியம் 6.2 என்று அறிக்கை வந்திருக்கிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. என்ன செய்வது?

நொய்யல்கரை (வெள்ளகோவில்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 62. ரத்த அழுத்தத்துக்காகச் சில ஆண்டுகளாக டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சர்க்கரை நோய் கிடையாது. நேற்றுக் காலை வெறும் வயிற்றில் எங்கள் பகுதியில் உள்ள ஒரு சேகரிப்பு மையத்தில் முழுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். அம்மாவுக்கு நரம்பு எளிதில் அகப்படாது. கையில் பட்டையைக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லி, இரண்டு இடத்தில் குத்திய பிறகுதான் ரத்தம் வந்தது. ஊசிக்குழலில் எடுத்த ரத்தத்தை அந்தப் பையன் ரப்பர் மூடியில் ஊசியைச் செருகி அழுத்திக் குழாய்களில் நிரப்பினான். மாதிரிகள் மதியத்துக்கு மேல் வண்டியில் கோவைக்குப் போகும் என்றார்கள்.

இன்று மாலை கைப்பேசிக்கு வந்த அறிக்கையில் பொட்டாசியம் 6.2 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. மேல் எல்லை 5.1. வெறும் வயிற்றுச் சர்க்கரை 62. அதற்குக் கீழே ‘மாதிரி: சீரம்’ என்று அச்சாகியிருக்கிறது. சோடியம் 139, கால்சியம் 9.4, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் 0.8, கல்லீரலுக்கான எஸ்ஜிஓடி 51, எஸ்ஜிபிடி 20. பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுபோகலாம் என்று படித்ததிலிருந்து வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அம்மாவோ நன்றாக இருக்கிறார். இதை எழுதும் நேரத்தில் அடுப்படியில் சந்தகை பிழிந்துகொண்டிருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கீழ்பவானி (கோபிசெட்டிபாளையம்) எழுதியது:

தம்பி, இதற்குப் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். 6.2 என்பது நிஜமா இல்லையா என்பதை வீட்டில் உட்கார்ந்துகொண்டு எவராலும் சொல்ல முடியாது, நன்றாக இருக்கிறார் என்பதும் அதற்குச் சாட்சி ஆகாது. பொட்டாசியம் உண்மையிலேயே கூடியிருந்தாலும் தொடக்கத்தில் உடம்பு எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கக்கூடும். இன்றிரவே காங்கேயத்திலோ தாராபுரத்திலோ இசிஜி எடுக்கும் வசதியும் சொந்த ஆய்வகமும் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரைச் சீட்டையும் இந்த அறிக்கையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். படபடப்போ, கை கால் தளர்ச்சியோ, மயக்கமோ வந்தால் 108-ஐ அழையுங்கள். இப்போது கிளம்புங்கள்.

தென்னந்தோப்பு (ஆனைமலை) எழுதியது:

கீழ்பவானி ஐயா சொன்னதே சரி. ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு உண்டு. எங்கள் தோப்பில் அனைவரும் தினமும் இளநீர் குடிக்கிறோம். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்கிறார்களே, அம்மாவுக்கு அதனால் ஏறியிருக்குமா? என் மாமனாரும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதால் கேட்கிறேன்.

ஆய்வகத்து அக்கா (ஈரோடு) எழுதியது:

தம்பி நொய்யல்கரை, நீங்கள் கிளம்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதுவதைத் திரும்பி வந்த பிறகு படித்தால் போதும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரத்த ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் அறிக்கையைப் படித்ததும் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்; இதை மருத்துவரின் முடிவுக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொட்டாசியம் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மிகக் குறைவாகவும், சிவப்பணுக்களின் உள்ளே அதைவிட இருபது மடங்குக்கும் மேலாகவும் இருக்கிறது. நாம் அளப்பது நீர்ப்பகுதியில் இருப்பதை மட்டுமே. ஆகவே ரத்தம் எடுக்கும்போதோ, எடுத்த பிறகோ சிவப்பணுக்களில் ஒரு சிறு பங்கு உடைந்தாலும் உள்ளே இருந்தது வெளியே கொட்டி, எண் ஏறிவிடும். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் அதற்கு இடம் கொடுக்கிறது. பட்டையைக் கட்டிய நிலையில் விரல்களை மடக்கி விரித்தால் முன்கைத் தசையிலிருந்தே பொட்டாசியம் வெளியேறும். அந்த ஒன்றினாலேயே அளவு ஏறக்குறைய 1 வரை கூடுவதுண்டு. ஊசிக்குழலில் எடுத்த ரத்தத்தை மெல்லிய ஊசி வழியாக அழுத்திக் குழாய்க்குள் செலுத்தினால் அணுக்கள் சிதையும். குழாயின் உள்ளே உள்ள வெற்றிடம் தானாக உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் ஊசியைக் கழற்றி, மூடியைத் திறந்து, சுவரோரமாக மெதுவாக ஊற்ற வேண்டும். சேகரிப்பு மையத்தில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரம் இல்லாவிட்டால் சீரம், அதாவது உறைந்த ரத்தத்தின் நீர்ப்பகுதி, பிரிக்கப்படாமல் அணுக்களோடு சேர்ந்தே வண்டியில் குலுங்கிக்கொண்டு போகும். பனிப்பெட்டியில் வைத்தால் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால், பொட்டாசியத்தை அணுவுக்குள் நிறுத்திவைக்கும் பம்பு தளர்ந்து, அணு உடையாமலேயே அது வெளியே கசியும்.

எனக்கு இந்தச் சந்தேகம் வரக் காரணம் பொட்டாசியத்தின் எண் மட்டும் அல்ல. சர்க்கரை 62 என்று வந்திருப்பதைப் பாருங்கள். சர்க்கரை மருந்து எதுவும் சாப்பிடாதவருக்கு 62 வருவது அரிது. சர்க்கரை பார்க்க எடுக்கும் ரத்தம் ஃபுளோரைடு இட்ட சாம்பல் நிற மூடிக் குழாயில் போக வேண்டும். ஃபுளோரைடு அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும். உங்கள் அறிக்கையில் ‘மாதிரி: சீரம்’ என்று இருக்கிறது. சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறைந்துகொண்டே போகும். ஆக, அந்தக் குழாய் பல மணி நேரம் பிரிக்கப்படாமல் கிடந்திருக்கிறது என்பது என் எண்ணம். எஸ்ஜிபிடி 20 ஆக இருக்கும்போது எஸ்ஜிஓடி மட்டும் 51 ஆகியிருப்பதும் அணுக்கள் உடைந்ததோடு ஒத்துப்போகிறது, ஏனெனில் எஸ்ஜிஓடி சிவப்பணுவின் உள்ளேயும் நிறைய இருக்கிறது.

எண் பொய்யாக ஏற வேறொரு வழியும் உண்டு. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க இடும் ஈடிடிஏ என்பது ஒரு பொட்டாசிய உப்பு. அந்தக் குழாயை முதலில் நிரப்பிவிட்டு, அதே ஊசியோடு அடுத்த குழாய்க்குப் போனால் ஒரு துளி கலந்தாலும் பொட்டாசியம் ஏறும். ஆனால் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அப்போது கால்சியம் குறைந்து வரும். உங்கள் அம்மாவுக்குக் கால்சியம் 9.4 இருப்பதால் அது நடக்கவில்லை.

இவ்வளவையும் எழுதிய பிறகும் சொல்கிறேன்: டெல்மிசார்டன் உண்மையிலேயே பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய மருந்து. என் ஊகம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் இசிஜியும் புதிதாக எடுத்த ரத்தமும்தான் முடிவு சொல்ல வேண்டும்.

தென்னந்தோப்பு அண்ணாவுக்கு: சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவருக்கு இளநீரில் வரும் பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களும், பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இளநீரைக் குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பை உங்கள் வீட்டில் பயன்படுத்துகிறீர்களா என்பதையும் பாருங்கள். அவற்றில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்க்கிறார்கள். இளநீரைப் பார்த்துப் பயப்படும் வீட்டில் அந்த உப்பைத் தினமும் மூன்று வேளை போட்டுச் சமைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

நேற்றிரவே போய்விட்டோம். இசிஜியில் எந்த மாற்றமும் இல்லை; பொட்டாசியம் கூடியிருந்தால் ஓர் அலை கூம்பாக உயர்ந்து நிற்கும், அது இங்கே இல்லை என்று மருத்துவர் படத்தைக் காட்டியே விளக்கினார். பட்டையை அதிக நேரம் கட்டாமல், கையை மடக்கச் சொல்லாமல் ரத்தம் எடுத்து, அங்கேயே உடனே பரிசோதித்தார்கள். பொட்டாசியம் 4.5, சர்க்கரை 94. அக்கா, நீங்கள் எழுதியதை மருத்துவரிடம் இன்று படித்துக் காட்டினேன். பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றார். மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர் என்பதால் பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. இப்படியோர் எண் வந்தும் அந்த மையத்திலிருந்தோ ஆய்வகத்திலிருந்தோ ஒரு தொலைபேசி அழைப்பு இல்லை. மாதிரி சரியில்லை என்ற குறிப்பும் அறிக்கையில் இல்லை. எங்கள் ஊரில் வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனையோ. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, கைப்பேசிக்கு வரும் கோப்பைத் திறக்கவும் தெரியாதவர்களுக்கு 6.2 நிஜமாகவே வந்திருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்?

ஆய்வகத்து அக்கா எழுதியது:

மனம் நிம்மதியாயிற்று தம்பி. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆபத்தான அளவு வந்தால் உடனே மருத்துவருக்கோ நோயாளிக்கோ தெரிவிக்க வேண்டும், தெரிவித்த நேரத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரவிதியில் உள்ளது. ஆய்வகங்களுக்குத் தேசிய அளவில் தரச்சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். ஆனால் அங்கீகாரம் ஆய்வகத்துக்கு இருக்கிறதா, ரத்தம் எடுக்கும் மையத்துக்கும் சேர்த்து இருக்கிறதா என்பதைப் பலகையைப் பார்த்து மட்டும் அறிய முடியாது, கேட்க வேண்டும். உங்கள் புகாரை எழுத்தில் கொடுங்கள். ரத்தம் எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த நேரம் இரண்டும் அவர்கள் பதிவேட்டில் இருக்கும். அதைக் காட்டும்படி கேளுங்கள்.

தறிச்சத்தம் (சோமனூர்) எழுதியது:

இந்த இழையைப் படித்த பிறகு எங்கள் அப்பாருக்கு நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது. கண்புரை அறுவைக்கு நாள் குறித்து, அதற்கு முன் ரத்தம் பார்த்தபோது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 31,000 என்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. காய்ச்சல் இல்லை, ஈறில் ரத்தம் இல்லை, தோலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அறுவையைத் தள்ளிவைத்தார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ரத்தப் புற்றுநோய் என்ற சொல்லை வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனார்கள். அப்பாரு அதையெல்லாம் கேட்டுக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் பேசாமல் படுத்திருந்தார். பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்லிக் கட்டுக்கட்டாக இலை கொண்டுவந்து போட்டார்கள்.

கோவையில் நாங்கள் பார்த்த ரத்தநோய் மருத்துவர் மருந்து எதுவும் எழுதவில்லை. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார். பிளேட்லெட்டுகள் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டிருந்தன. நீல மூடியுள்ள சோடியம் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து எண்ணியபோது 2 லட்சத்து 10 ஆயிரம். கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தானே படிக்கிறார். இது ஏன் நடக்கிறது என்று அக்கா விளக்கினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

ஆய்வகத்து அக்கா எழுதியது:

இது ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில் காணப்படுவது. சிலருடைய ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் ஈடிடிஏ கலந்த பிறகு பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். இயந்திரம் அளவைப் பார்த்து எண்ணுவது. பத்து இருபது பிளேட்லெட்டுகள் சேர்ந்த திரளை அது பிளேட்லெட்டாகக் கணக்கில் எடுப்பதில்லை. உடம்பில் ஓடும் ரத்தத்தில் அப்படி ஒட்டுவது கிடையாது, குழாய்க்குள் மட்டுமே நடக்கிறது. சிட்ரேட் குழாயில் திரவம் கலந்து ரத்தம் சற்று நீர்த்துப்போவதால், வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்கிச் சொல்வார்கள்.

தறிச்சத்தம் அண்ணா, ஒரு வேண்டுகோள். அப்பாருவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே ‘ஈடிடிஏ குழாயில் பிளேட்லெட் திரள்கிறது, சிட்ரேட் குழாயில் எண்ணவும்’ என்று அந்த மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். நாளைக்கு அவருக்கு டெங்குக் காய்ச்சல் வந்து நள்ளிரவில் ஏதோ ஒரு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், 31,000 என்ற எண்ணைப் பார்த்துத் தேவையில்லாமல் பிளேட்லெட் ஏற்றுவதை அந்தச் சீட்டு தடுக்கும்.

பின்னலாடை (திருப்பூர்) எழுதியது:

எனக்கு நடந்தது தைராய்டு பரிசோதனையில். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் 0.02 என மிகக் குறைவு, தைராய்டு சுரக்கும் டி4 உயர்வு. எண்ணைப் பார்த்தால் தைராய்டு மிகையாகச் சுரப்பதாக அர்த்தம். ஆனால் எனக்கு எடை குறையவில்லை, கை நடுங்கவில்லை, வியர்வை கூடவில்லை. மருத்துவர் நாடித் துடிப்பைப் பார்த்துவிட்டு, “முடி உதிர்வுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டியதால் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை 10 மில்லிகிராம் தினமும் சாப்பிட்டு வந்தேன். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம்தான். நான் விழுங்கியது அதைப் போல முந்நூறு மடங்குக்கு மேல். பல ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனை முறையிலேயே பயோட்டின் ஒரு பகுதி என்பதால், ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் கணக்கைக் குழப்பிவிடும் என்றார். மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து மறுபடி பார்த்தபோது டிஎஸ்எச் 2.3, இயல்பு.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே இதைக் குறித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் பரிசோதனையில்கூட இதனால் அளவு குறைத்துக் காட்டலாம் என்பது அந்த எச்சரிக்கையின் முக்கியமான பகுதி. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலேயே கிடைப்பதால் இதை ஒரு மருந்தாகவே எவரும் எண்ணுவதில்லை. “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்” என்று கேட்டால் முடிக்கும் தோலுக்கும் சாப்பிடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சகோதரிகளே.

கீழ்பவானி எழுதியது:

எல்லோரும் எழுதியது உண்மை. ஆனால் இந்த இழை போகும் திசை எனக்குக் கவலை தருகிறது. இதைப் படித்துவிட்டு ஒருவர் தன் அறிக்கையை மடித்து வைத்து, “இயந்திரக் கோளாறு” என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டவன். அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொந்தமாகத் தறி வைத்திருந்த ஒருவர், முழங்கால் வலிக்காக டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் கடையில் தானாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு முகாமில் கிரியேட்டினின் 2.4 என்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்போதோ ஓர் அறிக்கை தவறாக வந்ததை நினைத்து, தனக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டார். உடம்பில் வலி இல்லை, சிறுநீர் தாராளமாகப் போகிறது, பிறகு எதற்கு மருத்துவர் என்பது அவர் வாதம். மறுபடி அவர் எங்களிடம் வந்தபோது இரண்டு காலும் வீங்கி, சோறு உள்ளே போகாமல், முகம் வெளுத்திருந்தது. அதன் பிறகு அவருக்கு வாழ்க்கை டயாலிசிஸ் இயந்திரத்தோடுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு ஏற்கப்பட்டது என்றாலும், வாரத்தில் பாதி நாள் போய் வருவதிலேயே தறி நின்றுபோயிற்று.

சிறுநீரகம் ஏறக்குறையப் பாதித் திறனை இழக்கும் வரை கிரியேட்டினின் எல்லைக்குள்ளேயே இருக்கக்கூடும். ஆகவே எண் ஏறிவிட்டது என்றால் அங்கே ஏற்கெனவே நிறைய நடந்து முடிந்திருக்கலாம். வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு சிறுநீரகத்தில் செல்லாது. சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும்கூடச் செல்லாது. கிரியேட்டினின் கூடியிருந்தால் மறுபடி எடுங்கள், சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் போகிறதா என்று பாருங்கள், ஸ்கேன் பாருங்கள்; மூன்று மாதத்துக்கு மேல் அதே நிலை நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். அதுவரை வலி மாத்திரையைத் தொடாதீர்கள். நொய்யல்கரைத் தம்பியின் அம்மாவுக்கு எண் தவறு என்று தெரிந்தது, அவர் அன்றிரவே போய் மறுபடி பார்த்ததால்தான். பார்க்காமல் தவறு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

தறிச்சத்தம் எழுதியது:

ஐயா சொல்வதை மனதார ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பு வலியும் கால் வலியும் சேர்ந்தே வருபவை. வலி மாத்திரை இல்லாத சட்டைப் பை அரிது. எங்கள் தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்க் கிரியேட்டினின் பார்க்க ஏற்பாடு செய்கிறேன்.

மஞ்சள்மண்டி (ஈரோடு) எழுதியது:

எனக்கு வேறொரு கேள்வி. எழுபது, எண்பது பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் குறைந்த விலைக்குச் செய்து தருவதாகத் தினமும் குறுஞ்செய்தி வருகிறது. என் மனைவிக்கு அப்படிச் செய்ததில் ஏழு இடத்தில் சிவப்பு எழுத்து. சிஏ 125 என்ற ஒன்று 48, எல்லை 35. அது சினைப்பைப் புற்றுநோய்க்கான குறியீடு என்று படித்த பிறகு அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவளுக்கு வயது 38. வயிற்று வலியோ வேறு தொந்தரவோ கிடையாது. இத்தனை பரிசோதனை தேவையா?

ஆய்வகத்து அக்கா எழுதியது:

அண்ணா, அண்ணியிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ரத்தம் கொடுத்த அன்று மாதவிலக்கு நாளா? மாதவிலக்கின்போதும், கர்ப்பத்தின் தொடக்கத்திலும், கர்ப்பப்பைக்கு வெளியே உள்படலம் வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும், நார்த்திசுக் கட்டியிலும் சிஏ 125 கூடும். நோயின் அறிகுறி இல்லாத பெண்களுக்குப் புற்றுநோயைத் தேடும் பரிசோதனையாக இதைப் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே சினைப்பைப் புற்றுநோய் உள்ளவரின் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கே இது பெரிதும் பயன்படுகிறது. என்றாலும் எண் கையில் வந்துவிட்டது. மகப்பேறு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர் பரிசோதித்துவிட்டு, தேவை என்றால் ஸ்கேன் எழுதுவார். அண்ணிக்கு அதுவே பாதி மருந்து.

சிவப்பு எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லை எண்களைப் பெரும்பாலும் எப்படி வகுக்கிறார்கள் என்றால், ஆரோக்கியமான பலரின் ரத்தத்தை அளந்து, நடுவில் உள்ள 95 சதவீதத்தினரின் அளவை இயல்பு என்று வைக்கிறார்கள். மேலே இரண்டரை சதவீதமும் கீழே இரண்டரை சதவீதமும் ஆரோக்கியமானவர்களாக இருந்தும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை முழு ஆரோக்கியமான ஒருவருக்குச் செய்தால், ஒன்றாவது எல்லை தாண்டி வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. எண்பது செய்தால் சிவப்பு எழுத்து வராமல் இருப்பதுதான் ஆச்சரியம். எல்லையை ஒட்டி ஓர் எண் சற்றே தாண்டுவதும், எல்லையைப் போல ஒன்றரை மடங்கு இரண்டு மடங்கு போவதும் ஒன்றல்ல.

ஆகவே வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் ஏற்றதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், கொழுப்பு ஆகியவை நம் பக்கத்தில் முப்பது வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்குப் பயனுள்ளவை. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனைகள் அரசு சுகாதார நிலையங்களிலேயே உண்டு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். கதவைத் தட்டும்போது “எங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

சர்க்கரை பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்பது விதி. ஆனால் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதை வைத்தே அந்தக் கணக்கு நிற்கிறது. இரும்புச் சத்துக் குறைந்த பெண்களுக்கு அது இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியவருக்கும், ரத்தம் நிறைய இழந்தவருக்கும் குறைத்துக் காட்டலாம். தாகம், எடை குறைவு போன்ற அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஓர் எண்ணை வைத்து நோய் என்று முடிவு செய்யாமல், இரண்டாவது பரிசோதனையிலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே முறை.

மஞ்சள்மண்டி எழுதியது:

கேட்டேன் அக்கா. மாதவிலக்கின் இரண்டாம் நாள் அது. நாளை மகப்பேறு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். மிக்க நன்றி.

சென்னிமலை நெசவு எழுதியது:

கடைசியாக என் கேள்வியையும் வைக்கிறேன். என் தம்பிக்கு வயது 21. காமாலையில் கூடும் மஞ்சள் நிறமியான பிலிருபின் மொத்தம் 2.3, அதில் நேர்முகம் 0.4 மட்டும், மீதி மறைமுகம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஹீமோகுளோபின் எல்லாம் இயல்பு. மஞ்சள் காமாலை என்று சொல்லி அமத்தா அவனுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பும் எண்ணெயும் இல்லாமல் பத்தியம் போட்டிருக்கிறார். பையன் வாடிப்போய்விட்டான். கல்லீரல் கெட்டுவிட்டதா?

ஆய்வகத்து அக்கா எழுதியது:

தம்பியின் எண்களைப் பார்த்தால் கில்பர்ட் நிலையாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரெஞ்சு மருத்துவர் அகுஸ்தின் கில்பர்ட் 1901-இல் விவரித்தது அது. பிலிருபினைக் கரையும் வடிவுக்கு மாற்றும் நொதி பிறவியிலேயே சற்றுக் குறைவாக வேலை செய்வதால், மறைமுகப் பிலிருபின் மட்டும் கொஞ்சம் கூடி நிற்கும். கல்லீரல் கெடுவதில்லை, மருந்தும் தேவையில்லை. பட்டினி கிடந்தாலும், காய்ச்சல் வந்தாலும், தூக்கம் கெட்டாலும் அந்த எண் இன்னும் ஏறும். ஆகவே அந்தப் பத்தியமே அவனுக்கு மஞ்சளைக் கூட்டிக்கொண்டிருக்கலாம். அமத்தாவிடம் பக்குவமாகச் சொல்லி வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள். சிவப்பணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைவதாலும் இதே போன்ற எண் வரும் என்பதால், மருத்துவரிடம் காட்டி ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் பார்த்து அதை விலக்கிக்கொள்ள வேண்டும். கில்பர்ட் என்று உறுதியானால், இனி எந்த மருந்து எழுதும் மருத்துவரிடமும் அதைச் சொல்லச் சொல்லுங்கள். கில்பர்ட் நிலையில் சிறுநீரின் நிறம் மாறுவதில்லை. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, மலம் வெளுத்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, வாந்தியோடு காய்ச்சல் வந்தாலோ அது வேறு நோய். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.